கார் ஷோரூம் இணையதளத்துக்கு எழுத யாரைத் தேடுவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். புதிய கார், பழைய கார் இரண்டும் விற்கிற ஷோரூம் நடத்துகிறீர்கள். இணையதளத்தில் இருப்பதெல்லாம் கார் கம்பெனி அனுப்பிய பிரசுர வாசகம். இதை மாற்ற இரண்டு பேரை வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் எஸ்.இ.ஓ., அதாவது கூகுள் தேடலில் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் வேலை, தெரிந்தவர், இன்னொருவர் கார் என்றால் உயிரை விடுகிறவர். இரண்டு பேர் எழுதியதும் உங்களுக்குத் திருப்தியாக இல்லை. மூன்றாவதாக எழுத்து தெரிந்தவரைத் தேடுவதா, கார் தெரிந்தவரைத் தேடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. படித்து முடித்தவர் போனைக் கையில் எடுக்கும்படி எழுதக்கூடிய ஆளை, வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். முதல் நான்கு வருடம் ஷோரூம்களுக்கு நானே எழுதினேன். அதற்குப் பிறகு ஆள் தேர்ந்தெடுப்பதும், அவர்கள் எழுதியதைத் திருத்துவதும்தான் என் வேலை.

முதலில் ஒன்று. ‘இணையதளத்துக்கு எழுதுவது’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே வேலை இல்லை. புதிய மாடலைப் பற்றிய பக்கம், ஸ்டாக்கில் நிற்கும் ஒவ்வொரு பழைய காரின் பக்கம், சர்வீஸ் பற்றிய பக்கம், கடனும் எக்ஸ்சேஞ்சும் விளக்கும் பக்கம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு கை வேலை. கடன் பக்கத்துக்குக் குழப்பமில்லாத, சட்டத்துக்கு உட்பட்ட மொழி போதும். அங்கே அலங்காரம் கெடுதல்தான். புதிய மாடல் பக்கத்தில் எல்லா விவரமும் ஏற்கெனவே கம்பெனியின் தளத்தில் இருக்கும். உங்களிடம் மட்டும் இருப்பது, வாடிக்கையாளர்கள் உங்கள் ஆட்களிடம் நேரில் கேட்கும் கேள்விகளும் அதற்கு அவர்கள் சொல்லும் பதில்களும். எழுத்தாளருக்கு உண்மையான சோதனை பழைய கார்ப் பக்கம்தான். அந்தக் கார் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதன் இடது பின்கதவில் உள்ள கீறலும், போன மாதம் மாற்றிய பிரேக் பேடும், முதல் ஓனர் வைத்திருந்த சர்வீஸ் ரசீதுகளும் வேறு எந்தத் தளத்திலும் கிடைக்காது. அதை எழுத உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து காரிடம் போக வேண்டும். எழுந்து போகிறவர் யார், போகாதவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

எழுத்து தெரிந்தவரா, கார் தெரிந்தவரா என்ற கேள்விக்கு என் பதில்: கேட்கத் தெரிந்தவர். நான் வேலைக்கு எடுத்தவர்களிலேயே மிக நன்றாக எழுதிய பெண்மணிக்குக் கார் ஓட்டவே தெரியாது. நாளிதழில் நிருபராக இருந்தவர். முதல் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து, சர்வீஸ் கவுன்ட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லி, காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், சர்வீஸ் அட்வைசர் என்ன பதில் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டே இருந்தார். மதியம் என்னிடம் வந்து, “வண்டியை விட்டுட்டுப் போறவங்க எல்லாருமே ஒண்ணைத்தான் கேக்கறாங்க சார். என்ன வேலைன்னு கேக்கறதுக்கு முன்னாடி, சொல்லாம எதையாவது மாத்திடுவீங்களான்னு கேக்கறாங்க. நம்ம பக்கத்துல அதுக்குப் பதிலே இல்ல” என்றார். அன்று வரை அந்த சர்வீஸ் பக்கத்தின் முதல் வரி, பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள், அதிநவீன கருவிகள் என்று இருந்தது. அவர் அதை எடுத்துவிட்டு, மதிப்பீட்டில் இல்லாத எந்த வேலையையும் உங்களிடம் போனில் கேட்காமல் செய்ய மாட்டோம் என்று ஆரம்பித்தார். பிறகு வந்தவர்களில் பலர் அந்த வரியைக் கவுன்ட்டரில் திருப்பிச் சொன்னதை அட்வைசரே என்னிடம் சொன்னார்.

கார்ப் பித்து உள்ளவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய ஆர்வம் உண்மையானது. ஆனால் அவர்கள் தங்களைப் போன்ற இன்னொருவருக்காகவே எழுதுவார்கள். இரண்டு குழந்தைகளுக்கும் வயதான அம்மாவுக்கும் கார் தேடுகிறவர் படிக்கும் பக்கத்தில், பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்பது முதல் பத்தியில் வந்து நிற்கும். பின் சீட்டில் குழந்தைக்கான இருக்கையைப் பொருத்தும் கொக்கி எங்கே இருக்கிறது, அம்மா ஏறி உட்கார சீட்டின் உயரம் தோதாக இருக்குமா என்பது எங்கேயும் வராது. விற்பனைப் பேச்சுக்கும் விமர்சனத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த இடம்தான் உங்கள் பக்கத்துக்கு வேண்டியது. உங்களுடைய இரண்டாவது எழுத்தாளர் தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

காரைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தெரியாததை ஊகித்து எழுதாத பழக்கம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் இந்தத் துறையில் தவறு நுழையும் ஓட்டைகள் அதிகம். மின்கார் பக்கங்களில் நான் அடிக்கடி திருத்துவது கிலோவாட், கிலோவாட் மணி குழப்பத்தை. முதலாவது மோட்டாரின் திறன், இரண்டாவது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் என்பது. இரண்டையும் மாற்றி எழுதினால் விவரம் தெரிந்தவர் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார். எஞ்சின் திறனை ஒரு இடத்தில் பி.எச்.பி.யிலும் இன்னொரு இடத்தில் பி.எஸ்.ஸிலும் போடுவார்கள், இரண்டும் குதிரைத்திறனின் வேறு வேறு அலகுகள்; 100 கிலோவாட் என்பது 136 பி.எஸ்., 134 பி.எச்.பி. ஒரே காருக்கு இரண்டு எண்கள் தென்பட்டால் படிக்கிறவருக்கு சந்தேகம்தான் வரும். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே சொல்லுக்குள் டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி., இரட்டை கிளட்ச், ஏ.எம்.டி. என்று நான்கு வகை கியர்பாக்ஸ் ஒளிந்திருக்கிறது. நெரிசலில் ஓட்டும்போது நான்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இதில் எது என்று கேட்காமலேயே ‘வழுக்கிக்கொண்டு போகும் ஆட்டோமேட்டிக்’ என்று எழுதுகிறவரை நான் எடுப்பதில்லை.

மைலேஜும் பாதுகாப்பு நட்சத்திரமும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2018 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய எல்லாப் புதிய கார்களுக்கும் மைலேஜை அளக்க டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனை முறை வந்தது. அதற்கு முன்பிருந்த என்.இ.டி.சி. முறையில் எடுத்த எண்கள் பொதுவாகத் தாராளமாக இருக்கும். எந்தச் சோதனையில் கிடைத்த எண் என்று சொல்லாமல் இரண்டு கார்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது வாசகரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப் போவது. நட்சத்திரத்துக்கு ஒரு உதாரணம் போதும். ஃபியட் புன்டோ 2005-இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பியக் கார்ப் பாதுகாப்பு அமைப்பின் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே தலைமுறைக் காரை 2017-இல் மறுபடி சோதித்தபோது பூஜ்யம். கார் கெட்டுப்போகவில்லை, அளவுகோல் உயர்ந்துவிட்டது. ஆகவே ‘ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு’ என்று எழுதுகிறவர், எந்த அமைப்பு, எந்த வருடம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். டிரைவருக்கு உதவும் வசதிகளும் இப்படித்தான். வேகத்தையும் லேனையும் தானே பார்த்துக்கொள்ளும் கார், வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ., தானாக ஓடும் திறனுக்கு வகுத்த 0 முதல் 5 வரையான படிகளில் பெரும்பாலும் இரண்டாம் படியில் நிற்கிறது. அங்கே டிரைவர் ஒவ்வொரு நொடியும் சாலையைக் கவனித்தாக வேண்டும். அதை ‘தானே ஓடும் கார்’ என்று எழுதுவது ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட பொய்.

இனி ஆளைக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருகிறேன். பழைய மாதிரிகளைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் பார்ப்பது திருத்தியவரின் கையும் சேர்ந்த எழுத்து. மாதிரியைக் காட்டும்போது, இதில் உள்ள விவரத்தை யாரிடம் கேட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒரு ஆளைப் பற்றி, ஒரு உரையாடலைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று பேருக்குச் சின்ன வேலை ஒன்று கொடுங்கள், சம்பளம் கொடுத்தே. இலவசமாக மாதிரி எழுதித் தரச் சொன்னால் நல்லவர்கள் விலகிவிடுவார்கள், விலகுவதும் நியாயம். அந்த வேலை இதுதான்: உங்கள் யார்டில் நிற்கும் ஒரு பழைய கார், அதன் விவரத்தாள், சர்வீஸ் அட்வைசருடன் அரை மணி நேரம். விவரத்தாளில் இரண்டு இடங்களைக் காலியாக விட்டுவிடுங்கள். முடிந்தால் ஒரு முரண்பாட்டையும் வையுங்கள்; வேரியன்ட் பெயருக்கும் வசதிப் பட்டியலுக்கும் பொருந்தாத மாதிரி ஏதாவது. வேலை முடிந்ததும் அதை வேண்டுமென்றே வைத்தோம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வந்து சேர்ந்த எழுத்தைப் படிப்பதற்கு முன்னால், அவர் என்னென்ன கேள்வி கேட்டார் என்று அட்வைசரிடம் விசாரியுங்கள். காலி இடத்தைப் பற்றிக் கேட்டாரா? முரண்பாட்டைக் கண்டாரா? வின் எண் கேட்டாரா? பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அந்தக் குறியீட்டை வைத்துக் கம்பெனிப் பதிவில் தேடினால், அந்தக் கார் எந்த எஞ்சின், எந்த வேரியன்ட் என்று உறுதி செய்துகொள்ளலாம் என்பது தெரிந்தவர் அரிது. தெரியாவிட்டாலும், “இது எந்த வேரியன்ட்டுன்னு எப்படி நிச்சயமா தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டாலே போதும். டயரைக் குனிந்து பார்த்தாரா? 205/55 ஆர் 16 91 வி என்று இருந்தால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரேடியல் டயர், ரிம் 16 அங்குலம், 91 என்ற குறியீட்டுக்கு ஒரு டயர் தாங்கும் எடை 615 கிலோ, வி என்பதற்கு உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். இதெல்லாம் பக்கத்தில் வர வேண்டாம். நான்கு டயரும் ஒரே அளவா, எப்போது மாற்றியவை என்று பார்க்கத் தோன்றியதா என்பதுதான் விஷயம். கீறலை மறைக்காமல், மிகைப்படுத்தவும் செய்யாமல் எப்படி எழுதியிருக்கிறார் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறிய யாரும் பின்னால் எனக்கு ஏமாற்றம் தந்ததில்லை. தேறாதவரை நடை அழகாக இருக்கிறது என்று எடுத்து இரண்டு முறை வருத்தப்பட்டிருக்கிறேன்.

எஸ்.இ.ஓ. பற்றி. உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களை எழுதி வைக்கும் கீவேர்ட் மெட்டா டேக்கைத் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு இத்தனை சொல் வேண்டும் என்ற அளவு எதுவும் தங்களிடம் இல்லை என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தைப் பத்துப் பதினைந்தாகப் போடுவது அவர்களுடைய விதிமுறைக்கு எதிரானது. தேடலில் முன்னால் வருவதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தம் மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் விதிமுறையில் தனியாகவே சேர்த்தார்கள். கம்பெனி வாசகத்தை அப்படியே போட்டதற்காகத் தண்டனை வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படிப் பொதுவாக நடப்பதில்லை. அதே வாசகம் வைத்திருக்கும் நூறு ஷோரூம்களில் உங்களுடையதைத் தேர்ந்து காட்டக் கூகுளுக்கு ஒரு காரணமும் இருக்காது, அவ்வளவுதான். அதுவே போதுமான நஷ்டம்.

உறுதியாகச் சொல்ல முடியாதது: நல்ல எழுத்தால் மட்டும் உங்கள் பக்கம் எத்தனை இடம் மேலே ஏறும் என்பது. தளத்தின் வேகம், வரைபடத்தில் உங்கள் பதிவு, வாடிக்கையாளர் கருத்துகள், போட்டி என்று பலவும் கலந்து வருவதை எழுத்துக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தருகிறேன் என்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். ஸ்டாக்கில் உள்ள கார்களின் விலை, வருடம், ஓடிய தூரம் ஆகியவற்றைத் தேடுபொறி படிக்கும் வடிவில் கொடுப்பது தளத்தைக் கட்டியவரின் வேலை. அதை எழுத்தாளரின் தலையில் கட்ட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே, அப்படி ஒரு கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. மனிதர் கையால் எழுதியதை மெஷின் எழுதியது என்று சொல்லி, நல்ல எழுத்தாளர் ஒருவரை இழந்த ஷோரூமை எனக்குத் தெரியும். நேராகவே கேட்டுவிடுங்கள்: எந்தக் கட்டத்தில் பயன்படுத்துகிறீர்கள், அது சொன்ன எண்ணை எதை வைத்துச் சரிபார்க்கிறீர்கள்? ஆபத்து நடையில் இல்லை. போன தலைமுறை மாடலின் வசதியை இந்தத் தலைமுறைக்கு ஏற்றிச் சொல்வதும், ஒரு நாட்டில் மட்டும் கிடைக்கும் வேரியன்ட்டை எல்லா நாட்டுக்கும் சொல்வதும் இந்தக் கருவிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிழைகள். காரிடம் போய் நின்று பார்த்தவர் எழுதியதில் இந்தப் பிழை தங்காது.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் கட்டிடத்துக்குள்ளேயே. வாடிக்கையாளரிடம் பொறுமையாக விளக்கும் சர்வீஸ் அட்வைசரோ, விற்பனை முடிந்த பிறகும் பெயர் சொல்லித் தேடி வரப்படும் விற்பனையாளரோ இருப்பார். அவருக்கு எழுத வராவிட்டால் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். திருத்தத் தெரிந்த ஒருவர் வெளியிலிருந்து போதும். பிழைகள் மிகக் குறைவாக வருவது இந்த ஏற்பாட்டில்தான். வெளியே தேடுவதானால் நிருபராக இருந்தவர்கள், பயன்பாட்டுக் கையேடு எழுதியவர்கள் என்று பாருங்கள்; இருவருக்கும் கேட்டு எழுதிப் பழக்கம் உண்டு. ஏஜென்சிக்குப் போனால், பேச வருகிறவரும் எழுதுகிறவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். எழுதப்போகிறவரோடு பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடிக்கையாளர் இரண்டு மொழி பேசுகிறவர்கள் என்றால் ஒன்றை எழுதி மற்றதற்கு மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம். கேள்விகளே மொழிக்கு மொழி மாறும்.

கூலியை ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். பக்கத்துக்கு, அல்லது காருக்கு இவ்வளவு என்று பேசுங்கள். சொல் கணக்கில் கொடுத்தால் சொல்தான் பெருகும்; நீங்கள் வேண்டுவது சர்வீஸ் கவுன்ட்டரில் செலவழித்த அரை மணி நேரம், அது சொல் கணக்கில் வராது. எழுத்தின் உரிமை உங்களுக்கு மாற்றப்படுகிறது என்று எழுதி வாங்குங்கள். பல நாடுகளில் வெளி ஆள் எழுதியதன் உரிமை, எழுதி மாற்றித் தராதவரை அவரிடமே இருக்கும். விலை, வட்டி, வாரன்டி பற்றிய வாசகங்களுக்குப் பொறுப்பு உங்களுடையது, எழுத்தாளருடையது இல்லை. அவற்றை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை, அந்தப் பகுதியில் என் யோசனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நான் வேலை செய்ததெல்லாம் ஒன்றிரண்டு கிளை உள்ள ஷோரூம்களுக்கு. நூற்றுக்கணக்கான கார்கள் தினமும் மாறும் பெரிய குழுமங்களுக்கு ஒவ்வொரு காரையும் நேரில் பார்த்து எழுதுவது கட்டுப்படியாகாது; அவர்களுடைய ஏற்பாடு வேறாகத்தான் இருக்கும்.

கடைசியாக, உங்கள் தரப்பில் செய்ய வேண்டிய வேலை. என் பொறுப்பில் இருந்த ஒரு தளத்தில், முடிந்துபோன ஒரு சலுகைப் பக்கம் மூன்று மாதம் அப்படியே கிடந்தது. அதைப் போனில் காட்டி ஒரு குடும்பம் கார் கேட்டு வந்தது; அந்த ஷோரூம் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தன் கையிலிருந்து கொடுத்தது. பக்கத்தை நான்தான் வாங்கிப் போட்டேன், முடிவுத் தேதியைக் குறித்து வைக்கவில்லை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் படிக்கட்டு ஏறி வந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது, யார் உறுதி செய்தார், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று இருக்கும். எழுத்தாளரிடம் அந்தத் தாளையும் சேர்த்தே வாங்குங்கள். உங்கள் ஆட்களில் ஒருவரை, எழுத்தாளர் எப்போது கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். கேட்கத் தெரிந்தவர் கிடைத்தும் பதில் சொல்ல ஆள் இல்லாமல் அவர் திரும்பிப் போனதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் முதல் இரண்டு எழுத்தாளர்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். தேர்ந்தெடுத்தவரிடம் மொத்தத் தளத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் சர்வீஸ் பக்கம் ஒன்று, பழைய கார்ப் பக்கம் ஐந்து என்று தொடங்குங்கள். போனில் வருகிறவர்களிடம் எதைப் படித்துவிட்டு அழைக்கிறார்கள் என்று இரண்டு மாதம் கேட்டுக் குறித்து வையுங்கள். மீதிப் பக்கங்களை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலிருந்தே வரும்.